எதிர்ப்பின் விலையை எப்படி அளப்பது? காசநோய்ப் பற்றீரியா ஆய்வுக்கான நான்கு வழிகளின் ஒப்பீடு

ஆய்வு முன்மொழிவு எழுதிக்கொண்டிருக்கும் மாணவர்கள் சிலர் அண்மைக் காலத்தில் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் இருவர் யாழ்ப்பாணத்திலேயே படிப்பவர்கள். காசநோய்ப் பற்றீரியா ஒரு மருந்துக்கு எதிர்ப்பைப் பெறும்போது அதன் வாழ்தகுதி, அதாவது பிழைத்துப் பெருகும் திறன், குன்றுகிறது என்று பாடநூல் சொல்கிறது. அந்தக் குன்றலை அளப்பதற்கு எந்த முறையைத் தெரிவது என்பதே கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிய பதில்களை ஒன்றுசேர்த்து, விட்டுப்போனவற்றையும் நிரப்பி இங்கே தருகிறேன்.

முதலில் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மருந்து பற்றீரியாவின் இன்றியமையாத உறுப்பொன்றைத் தாக்குகிறது. மரபணுவில் நேரும் மாற்றமாகிய விகாரம் ஒன்று அந்த உறுப்பின் வடிவத்தைச் சற்றே மாற்றிவிட்டால் மருந்தால் அதில் ஒட்ட முடியாது போகிறது. ஆனால் வடிவம் மாறிய உறுப்பு பழையபடி வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை. காசநோய் மருந்தான றிபம்பிசின் தாக்குவது ஆர்.என்.ஏ பொலிமரேசு என்னும் நொதியத்தை. அந்த நொதியத்தின் ஒரு பகுதியை ஆக்கும் ஆர்பிஓ-பி மரபணுவில் விகாரம் நிகழ்ந்தால் மருந்து பயனற்றுப்போகிறது. அதேவேளை பற்றீரியாவின் கலத்தில் நடைபெறும் ஆர்.என்.ஏ ஆக்கம் முழுவதும் அந்த மாறிய நொதியத்தை நம்பியே நடக்க வேண்டியிருக்கிறது. மருந்தில்லாத சூழலில் இவ்வாறு ஏற்படும் நட்டத்தையே எதிர்ப்பின் விலை என்கிறோம்.

விலை அதிகமாயின் எதிர்ப்புள்ள வகை மருந்தில்லாத இடத்தில் பின்தங்கி ஒழியும். விலை சிறிதாயின் அது மருந்துக்குப் பணியும் வகையைப் போலவே ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றும். 2023 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்குப் பன்மருந்து எதிர்ப்புள்ள (றிபம்பிசின், ஐசோனியசிட் என்ற இரு முதன்மை மருந்துகளுக்கும் அடங்காத) அல்லது றிபம்பிசின் எதிர்ப்புள்ள காசநோய் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இந்தத் தொகை இனி எந்தத் திசையில் நகரும் என்பதை முடிவுசெய்யும் காரணிகளில் இந்த விலையும் ஒன்று. ஆகவே அளவிடும் முறையைத் தெரிவது வெறும் ஆய்வுகூட வசதி பற்றிய கேள்வி அன்று.

எவற்றை வைத்து ஒப்பிடுகிறோம்

முதலாவதாக, பற்றீரியாவின் வாழ்வில் எந்தக் கட்டத்தை ஒரு முறை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். காசநோய்ப் பற்றீரியா பெருகினால் மட்டும் போதாது. கிருமிகளை விழுங்கி அழிக்கும் நுரையீரலின் பெருவிழுங்கிக் கலத்துக்குள் உயிர்தப்ப வேண்டும், ஆண்டுக்கணக்கில் உறங்க வேண்டும், பின்னர் விழித்து, இருமலோடு வெளியேறி, இன்னொருவரின் மூச்சுக்குள் நுழைய வேண்டும். இவை அனைத்தையும் ஒருசேர அளக்கும் முறை எதுவுமில்லை.

இரண்டாவதாக, ஒப்பிடப்படும் இரு வகைகளுக்கும் இடையே எதிர்ப்பு விகாரத்தைத் தவிர வேறு வேறுபாடுகள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். மூன்றாவதாக, ஈடுசெய் விகாரங்கள் அந்த முறைக்குப் புலப்படுகின்றனவா என்று கேட்க வேண்டும். முதல் விகாரத்தால் வந்த நட்டத்தை, எதிர்ப்பைக் கைவிடாமலே, வேறோர் இடத்தில் நிகழும் இரண்டாவது விகாரம் சரிக்கட்டிவிடுவது உண்டு. கடைசியாகக் காலம், பாதுகாப்பு, பணம். இந்தக் கடைசி அளவுகோலை முன்மொழிவின் இறுதிப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறவர்கள் பலர். காசநோய்ப் பற்றீரியா ஒருமுறை இரட்டிப்பதற்கு ஏறக்குறைய 20 மணித்தியாலம் எடுக்கிறது என்பதால் அதை முதற் பக்கத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

தனியே வளர்த்து வேகம் பார்த்தல்

எதிர்ப்புள்ள வகையை ஒரு குடுவையிலும் எதிர்ப்பற்ற வகையை இன்னொன்றிலும் வளர்த்து, கலங்கல் கூடும் வேகத்தை ஒளியுறிஞ்சலால் அளப்பது மிக எளிய வழி. கருவி எங்கும் கிடைக்கும், கணக்கும் சிக்கலற்றது. பெரிய நட்டங்களை இது காட்டிவிடும்.

இதன் மறைந்த விலை பற்றீரியாவின் உடலிலேயே இருக்கிறது. இந்தச் சாதியின் கலச்சுவர் மெழுகுத் தன்மையுள்ளது. கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஆய்வுகூடத்தில், தீங்கற்ற உறவினம் ஒன்றை வைத்து, எதிர்ப்புள்ள வளர்ப்பு தெளிவாக மெதுவாக வளர்கிறது என்று நானே முடிவெழுதினேன். குடுவையைச் சாளரத்தின் பக்கம் உயர்த்திப் பிடித்துப் பார்த்த ஒரு காலையில், அடியில் வெண்செதில்கள் ஊறிய சோற்றுப் பருக்கைகளைப் போலப் படிந்திருந்தன. மேலே நின்ற நீர் ஏறக்குறையத் தெளிவாக இருந்தது. கருவி அளந்தது அந்தத் தெளிந்த நீரைத்தான். கண்ணாடி மணிகளிட்டுக் குலுக்கி, திரளைப் பிரிக்கும் துவீன் 80 சேர்த்து மறுபடி செய்தபோது வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துபோயிற்று. அதற்கிடையில் ஒரு மாணவர் என் பழைய எண்ணைத் தம் அறிக்கையில் எடுத்தாண்டுவிட்டார் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

திரளைச் சமாளித்தாலும் இன்னொரு குறை நிற்கிறது. 5 வீத நட்டம் என்பது 20 மணித்தியாலத்துக்கும் 21 மணித்தியாலத்துக்கும் உள்ள வேறுபாடு. வெப்பநிலையிலும் தொடக்க அளவிலும் நேரும் சிறு பிசகுகளுக்குள் அது அமிழ்ந்துவிடும். போட்டிப் பரிசோதனைக்கு முன்னோட்டமாகவோ வகுப்புச் செய்முறையாகவோ செய்யும்போது மட்டும் இந்த முறை பொருத்தமானது.

ஒரே குடுவையில் போட்டியிடவிடுதல்

மாட்டுவண்டிச் சவாரியில் ஒரு சோடி மாட்டை இன்றைக்கும் மற்றச் சோடியை நாளைக்கும் ஓடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து வெற்றியைத் தீர்மானிக்க எந்த ஊரும் ஒப்பாது. ஒரே தரையில், ஒரே வெயிலில், பக்கத்தில் பக்கமாக ஓட வேண்டும். போட்டி வளர்ப்பின் தத்துவமும் அதுவே. இரு வகைகளையும் சம அளவில் மருந்தில்லாத ஊடகம் ஒன்றில் கலந்து வளர்த்து, தொடக்கத்திலும் முடிவிலும் மருந்திட்ட தட்டிலும் மருந்திடாத தட்டிலும் பரப்பிக் குடியிருப்புகளை (தனித்தனிக் கலங்களிலிருந்து வளர்ந்த புள்ளிகளை) எண்ணினால், எதிர்ப்புள்ளவை எத்தனை, மொத்தம் எத்தனை என்பது தெரியவரும்.

கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இரண்டும் 1,00,000 கலங்களோடு தொடங்குகின்றன என்று கொள்வோம். முடிவில் எதிர்ப்பற்றது 10 கோடியாகவும் எதிர்ப்புள்ளது 3 கோடியாகவும் நின்றால், முன்னது 1,000 மடங்கும் பின்னது 300 மடங்கும் பெருகியிருக்கின்றன. 1,000இன் இயற்கை மடக்கை 6.91, 300இன் இயற்கை மடக்கை 5.70. பின்னதை முன்னதால் வகுத்தால் 0.83 கிடைக்கிறது. இதுவே சார்பு வாழ்தகுதி. விலை 17 வீதம். முடிவில் நின்ற தொகைகளை நேரடியாக வகுத்து 0.3 என்று எழுதிவிடுவது மாணவர்கள் அடிக்கடி விடும் பிழை. அந்த எண் எத்தனை தலைமுறை வளர்த்தோம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே போகும், 0.83 அப்படி மாறாது.

சிறிய நட்டத்தையும் இந்த முறை பெருக்கிக் காட்டும். 5 வீத விலையுள்ள வகை, மற்றது 10 முறை இரட்டிக்கும் காலத்தில் 9.5 முறை இரட்டிக்கும். 100க்கு 71 என்ற வீதம் தட்டில் தெரியும். ஆனால் 100 குடியிருப்புகளை எண்ணும்போது எண்ணிக்கையின் இயல்பான தளம்பலே 10 அளவில் இருப்பதால், ஒரே தட்டை நம்பி அந்த 71ஐ வலியுறுத்த முடியாது. பல தட்டுகள், பல குடுவைகள் வேண்டும். முன்மொழிவின் செலவுப் பட்டியலில் மறைந்து நிற்பது இந்தப் பெருக்கமே.

இந்த முறைதான் துறையின் எண்ணத்தை மாற்றியது. 2006இல் செபஸ்தியன் கான்யோவும் உடனாய்வாளர்களும் இரு தொகுதி றிபம்பிசின் எதிர்ப்பு வகைகளை இவ்வாறு போட்டியிடவிட்டார்கள். ஆய்வுகூடத்தில் தோன்றிய எதிர்ப்பு வகைகள் எல்லாம் மூதாதையிடம் தோற்றன. ஆனால் சிகிச்சையின்போதே எதிர்ப்பைப் பெற்ற நோயாளரிடமிருந்து, எதிர்ப்புக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட சோடிகளை ஒப்பிட்டபோது, உலகில் மிகப் பரவலாகக் காணப்படும் ஆர்பிஓ-பி விகாரத்தைக் கொண்டவற்றுட் பெரும்பாலானவை எந்த நட்டத்தையும் காட்டவில்லை. மனித உடலில் வாழ்ந்த காலத்தில் அவை தம்மைச் சரிசெய்துகொண்டன என்ற ஊகம் அப்போது எழுந்தது. 2012இல் வெளிவந்த மரபணு ஆய்வு, அதே நொதியத்தின் மற்றப் பகுதிகளை ஆக்கும் ஆர்பிஓ-ஏ, ஆர்பிஓ-சி மரபணுக்களில் ஈடுசெய் விகாரங்களைக் கண்டு அந்த ஊகத்துக்கு வலுச்சேர்த்தது. (அந்தப் பரவலான விகாரத்தைப் பழைய கட்டுரைகள் 531 என்ற எண்ணாலும் புதியவை 450 என்ற எண்ணாலும் குறிப்பிடுகின்றன. முன்னது ஈ.கோலை என்ற வேறொரு பற்றீரியாவின் எண்ணிடல், பின்னது காசநோய்ப் பற்றீரியாவுக்கே உரியது. இரண்டும் ஒரே இடந்தான். செரின் போய் லியூசின் வருகிறது.)

குறையும் உண்டு. போட்டி நடப்பது ஊட்டம் நிறைந்த ஊடகத்தில். அங்கே பெருவிழுங்கிக் கலங்களும் இல்லை, ஒட்சிசன் தட்டுப்பாடும் இல்லை, இருமலும் இல்லை.

பெருவிழுங்கிக் கலங்களிலும் விலங்குகளிலும் பார்த்தல்

ஐசோனியசிட் எதிர்ப்பை ஆராய்பவர் இந்தப் பகுதியைத் தவிர்க்க முடியாது. ஐசோனியசிட் உள்ளே போகும்போது மருந்தாக இருப்பதில்லை. கற்-ஜி என்ற மரபணு ஆக்கும் நொதியமே அதை மருந்தாக்குகிறது. அந்த நொதியத்தை இழந்த பற்றீரியா மருந்திலிருந்து தப்புகிறது. ஆனால் பெருவிழுங்கிக் கலம் பொழியும் ஐதரசன் பேரொட்சைட்டைச் சிதைப்பதும் அதே நொதியந்தான். ஊட்ட ஊடகத்தில் இந்த இழப்பு அவ்வளவாகத் தெரியாது. உயிருள்ள உடலில் தெரியும். 1953இலேயே மிடில்புறூக்கும் கோனும், இவ்வாறான ஐசோனியசிட் எதிர்ப்பு வகைகள் கினிப்பன்றிகளில் நோயுண்டாக்கும் வலுவை இழந்திருப்பதைக் கண்டார்கள். நோயாளரிடம் மிகுதியாகக் காணப்படும் கற்-ஜி விகாரமோ வேறு மாதிரியானது. 315ஆவது இடத்தில் செரினுக்குப் பதில் திரியோனின் வரும்போது மருந்தை மருந்தாக்கும் திறன் குறைகிறது, பேரொட்சைட்டைச் சிதைக்கும் திறன் கணிசமாக எஞ்சுகிறது. மருந்திலிருந்தும் தப்பி உடலிலும் தாக்குப்பிடிக்கும் இந்த விகாரம் உலகெங்கும் ஏன் முன்னணியில் நிற்கிறது என்பதைத் தனி வளர்ப்பால் விளக்கவே முடியாது.

விலங்கில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்துவதிலும் ஆபத்து உண்டு. இதற்கான மிகத் தெளிவான சான்று நமக்கு அருகிலிருந்தே வருகிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்ட பின்னர், தென்னிந்திய நோயாளரிடமிருந்து பெற்ற பற்றீரியாக்களைப் பிரித்தானிய நோயாளருடையவற்றோடு கினிப்பன்றிகளில் மிச்சிசனும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டார்கள். தென்னிந்தியப் பற்றீரியாக்களிற் பல கினிப்பன்றியில் வலுக்குன்றியவையாக இருந்தன. ஆனால் அவை நோயுற்ற மனிதரின் சளியிலிருந்து வந்தவை. அந்த மனிதர்களின் நுரையீரலை அவை அரித்துக்கொண்டுதான் இருந்தன. கினிப்பன்றிக்கு வலுவற்றது மனிதருக்கும் வலுவற்றது என்று எழுதுவதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

விலங்கு ஆய்வுக்கு ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும், மூன்றாம் நிலை உயிர்ப்பாதுகாப்புள்ள விலங்குக் கூடமும், பயிற்சி பெற்ற பராமரிப்பாளரும் வேண்டும். இளமாணி மாணவருக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

நோயாளரிடையே பரவியதைக் கொண்டு கணித்தல்

பரவல்தான் இறுதிக் கேள்வி என்றால், பரவியவற்றையே பார்க்கலாம். ஏறத்தாழ 44 இலட்சம் எழுத்துகள் கொண்ட காசநோய்ப் பற்றீரியாவின் மரபணுத் தொகுதி ஆண்டுக்கு அரை எழுத்து அளவில்தான் மாறுகிறது. எனவே இருவரிடமிருந்து பெற்ற பற்றீரியாக்கள் சில எழுத்துகளில் மட்டும் வேறுபட்டால், தொற்று அண்மையில் கைமாறியது என்று கருதலாம். எதிர்ப்புள்ள வகைகள் இத்தகைய கொத்துகளில் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பது அவற்றின் வாழ்தகுதிக்கு ஒரு சான்று. சான் பிரான்சிஸ்கோவில் செய்யப்பட்ட ஆய்வொன்றில், மேலே சொன்ன 315 விகாரமுள்ள ஐசோனியசிட் எதிர்ப்பு வகைகள் பிறருக்குத் தொற்றி நோயுண்டாக்கியிருந்தன. கற்-ஜியில் வேறு விகாரங்களைக் கொண்டவை அவ்வாறு பரவவில்லை. விலங்கில் கண்டதும் ஊரில் கண்டதும் இங்கே ஒன்றுக்கொன்று துணைநிற்கின்றன.

ஆனால் இந்த எண்ணில் பற்றீரியாவின் திறன் மட்டும் இல்லை. எதிர்ப்புள்ள நோயாளருக்கு வழக்கமான சிகிச்சை பலிக்காது. சரியான மருந்து தொடங்கும் வரை அவர் நீண்ட காலம் தொற்றிக்கொண்டிருப்பார். பற்றீரியா பலவீனமானதாக இருந்தாலும் அந்த நீண்ட காலம் அதைப் பலமானதாகக் காட்டிவிடும். தென்னாபிரிக்காவின் துகேலா ஃபெரியிலிருந்து 2006இல் வெளிவந்த அறிக்கையைப் பாருங்கள். மிகைப்பரந்த எதிர்ப்புள்ள (முதன்மை மருந்துகளோடு இரண்டாம் வரிசை மருந்துகள் சிலவற்றுக்கும் அடங்காத) காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் இறந்தார்கள், எச்.ஐ.வி பரிசோதிக்கப்பட்ட 44 பேருக்கும் அந்தத் தொற்று இருந்தது. இத்தனை மருந்துகளுக்கு எதிர்ப்பைச் சுமந்த வகை பரவ வலுவற்றிருக்கும் என்று எண்ணியிருந்தவர்களை அது திடுக்கிடவைத்தது. நிர்ப்பீடனம் குன்றியோர் ஒரே விடுதியில் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் விலை என்ற சொல்லின் பொருளே மாறிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை இந்த வழிக்கு இன்னொரு தடை உண்டு. அது ஆய்வாளருக்குத் தடை, ஊருக்கு நன்மை. பன்மருந்து எதிர்ப்பு இலங்கையில் அரிது. ஒரு மாவட்டத்தின் நோயாளரை மட்டும் வைத்துக் கொத்துகளை ஒப்பிடும் அளவுக்கு எண்ணிக்கை சேராது. நாடு முழுவதையும் தழுவிய தரவு வேண்டும். அதற்கு வெலிசறையிலுள்ள தேசிய காசநோய் உசாத்துணை ஆய்வுகூடத்தின் ஒத்துழைப்பு வேண்டும். மாறாக, உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான மரபணுத் தொகுதிகள் பொதுக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடக்கின்றன. ஈடுசெய் விகாரங்களைத் தேடுவதற்கு ஒரு நல்ல கணினியும் பொறுமையும் இருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள பரமேஸ்வராச் சந்தியிலிருந்து ஓரடி நகராமலே வேலை செய்யலாம்.

பதிலி இனமா, உண்மை இனமா

காசநோய்ப் பற்றீரியாவை வளர்த்தவர்களுக்கு அந்தக் காத்திருப்புத் தெரியும். முட்டை சேர்த்த பச்சை ஊடகம் சாய்வாக உறைந்திருக்கும் குழாயை வாரந்தோறும் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம், நான்காம் வாரத்தில் மங்கிய வெண்மஞ்சளில், உதிர்ந்த ஒடியற்புட்டுப் போலச் சொரசொரப்பான துணுக்குகள் எழும். சில வேளை எட்டு வாரம் வரை எதுவும் எழாது.

ஆகவேதான் மைக்கோபற்றீரியம் சிமெக்மாற்றிசு என்ற உறவினத்தைப் பலர் பதிலியாக வைக்கிறார்கள். அது ஏறக்குறைய 3 மணித்தியாலத்தில் இரட்டிக்கிறது. நலமுள்ளவருக்கு நோயுண்டாக்குவது அரிது. இரண்டாம் நிலைப் பாதுகாப்புப் போதும். 10 இரட்டிப்புகள் உண்மை இனத்தில் எட்டு, ஒன்பது நாளும் அதற்கு மேல் தட்டுக்குச் சில வாரங்களும் எடுக்க, பதிலியில் எல்லாம் ஒரே கிழமைக்குள் முடிந்துவிடும். மேலே சொன்ன பல குடுவை, பல தட்டு என்ற தேவையை மாணவரொருவரால் நிறைவேற்ற முடிவது இங்கேதான்.

ஆர்.என்.ஏ பொலிமரேசு போன்று இரு இனங்களிலும் மிக ஒத்திருக்கும் இலக்குக்குப் பதிலி நல்ல வழிகாட்டி. பெருவிழுங்கிக் கலத்துக்குள் வாழ்வதோடு தொடர்புள்ள கற்-ஜி போன்றவற்றுக்கு அது தவறான இடத்துக்கு அழைத்துச் செல்லும்; அந்த உறவினம் மனித நுரையீரலில் வாழப் பழகியதே இல்லை.

யாருக்கு எது

ஓராண்டும், இரண்டாம் நிலை ஆய்வுகூடமும் உள்ள மாணவர் றிபம்பிசின் எதிர்ப்பை எடுத்துக்கொண்டு, பதிலி இனத்தில் போட்டி வளர்ப்புச் செய்வதே சிறந்தது என்பது என் கருத்து. அதே விகாரத்தைப் பொதுக் களஞ்சியத் தொகுதிகளில் தேடி, அதனோடு சேர்ந்து வரும் ஈடுசெய் விகாரங்களையும் பட்டியலிட்டால், குடுவையில் கண்ட எண்ணை மனித நோயோடு ஒட்டிவைத்துப் பேசலாம். கணினியில் நாட்டமுள்ளவர் இரண்டாவதை மட்டுமே செய்தாலும் அது முழு ஆய்வுதான்.

மூன்றாம் நிலை ஆய்வுகூடத்தோடு கூட்டுச்சேர வாய்ப்புள்ள முதுமாணி மாணவர் உண்மை இனத்தையே எடுக்கட்டும். ஆனால் ஒரே நோயாளரின் முன்-பின் சோடிகள் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் மட்டும். வெவ்வேறு நோயாளரின் வகைகளை ஒப்பிட்டால், அளப்பது எதிர்ப்பின் விலையா, இரு குலங்களுக்கிடையே பல நூற்றாண்டுகளாக வளர்ந்த கூர்ப்பின் வேறுபாடா என்று பிரித்தறிய முடியாது. ஐசோனியசிட்டை எடுப்பவர் பெருவிழுங்கிக் கல வளர்ப்பையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும். விலங்குகளை அதற்கென அமைந்த நிலையங்களுக்கே விட்டுவிடலாம்.

எந்த வழியில் சென்றாலும், கிடைத்த எண்ணை எதிர்ப்பின் விலை என்று பொதுவாக எழுதாதீர்கள். இந்த விகாரத்துக்கு, இந்தக் குலவகையில், இந்த ஊடகத்தில், இத்தனை தலைமுறைக்கு இவ்வளவு என்று எழுதுங்கள். எதிர்ப்புள்ள கிருமி எப்படியும் பலவீனமானது, மருந்தை நிறுத்தினால் தானே ஒழிந்துவிடும் என்ற எண்ணம் மருத்துவம் படித்தவர்களிடத்திலும் சில வேளை தலைகாட்டுகிறது. விலை பற்றிய ஒற்றை எண்கள் அந்த எண்ணத்துக்கு உரமிடுகின்றன. நான்கு மருந்துகளில் இரண்டு மாதமும் இரண்டு மருந்துகளில் நான்கு மாதமுமாக ஆறு மாதச் சிகிச்சையை முடிக்கப் பாடுபடும் ஒருவருக்கு அது தீங்கு செய்யும்.

ஒரு நடைமுறை விடயம். முன்-பின் சோடிகள் பின்னர் தேடிக் கிடைப்பவை அல்ல; முதல் வளர்ப்பை அன்றே உறைநிலையில் வைத்திருந்தால்தான் உண்டு. இப்போது சளி மாதிரிகளைக் கையாளும் ஆய்வுகூடங்களில் பணியாற்றுபவர்கள், அனுமதி பெற்று, முதல் வளர்ப்பின் ஒரு குப்பியை −80 பாகையில் வைக்கலாம். சளி எடுத்த திகதி, அன்றைக்குச் சிகிச்சையின் எத்தனையாவது கிழமை, அதுவரை கொடுத்த மருந்துகள் ஆகிய மூன்றையும் அழியாத மையால் எழுதி, பெயருக்குப் பதில் இலக்கமிட்டு வையுங்கள். நான் பார்த்த பழைய குப்பிகள் பலவற்றில் இரண்டாவது விபரம் இருக்கவில்லை. அவற்றை எந்தச் சோடியிலும் சேர்க்க முடியவில்லை.